சீதேவி வீட்டு வாசலில் நிற்காத பஸ்

நல்லரத்தினம் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். ஒரு விடியற்காலையில் தன் றங்குப்பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பெண்சாதி வீட்டிலிருந்து வெளியே நடந்தான். வேறு ஊர் என்றால் இது ஒரு செய்தியே இல்லை. உத்தியோகக்காரன் பெட்டியோடு போவான், வருவான், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்துத் தன் உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து சேர்பவன்தான் மாப்பிள்ளை. பெட்டி உள்ளே வந்தால் புருஷன் வந்துவிட்டான் என்று அர்த்தம். வெளியே போனால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நல்லரத்தினத்துக்குத் தெரியாதா? அவனும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம் பிறந்து வளர்ந்தவன்தானே, சந்திரமண்டலத்திலிருந்து இறங்கி வந்தவனா! அடுத்தவன் பெட்டி போனபோதெல்லாம் “விட்டிட்டுப் போயிட்டான்” என்று வாய் கூசாமல் கதைத்தவர்களில் அவனும் ஒருவன். தன் பெட்டி என்று வந்தபோது மட்டும் அது வெறும் தகரமாகத் தெரிந்தது.

கலியாணம் 1964ஆம் ஆண்டு தை மாதம் நடந்தது. அவனுக்கு இருபத்தேழு வயது, மட்டக்களப்பு–கல்முனை பஸ்ஸில் கொண்டக்டர் வேலை. பெண் கிழக்குக் கரைக் களுதாவளைச் சீதேவி. சீதேவியின் தாய் கண்ணகை சாதாரணப்பட்ட மனுஷி இல்லை. புருஷன் செத்த பிறகு பதினொரு வருஷம் வெற்றிலைத் தோட்டத்துக்குத் தனியாளாகத் தண்ணீர் அள்ளி ஊற்றி, ஒற்றை மகளை வளர்த்து, பெரிய றோட்டுக் கரையில் கல்வீடு கட்டி, கலியாணத்துக்கு முதல் வாரம் அந்த வீட்டை மகள் பெயருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவள். அத்தோடு அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் குடிலைப் போட்டுக்கொண்டு அங்கே போய்விட்டாள். போனது பாயும் தலையணையும்தான். அதிகாரம் முன்வீட்டிலேயே தங்கிவிட்டது.

முதல் ஆறு மாதமும் நல்லபடியாகத்தான் போயின. மாசியில் பஸ்காரருக்குரிய இலவசப் பாஸில் சீதேவியைக் கல்குடாவுக்குக் கூட்டிப்போய்க் கடல் காட்டினான். “எங்கட ஊர்லயும் கடல்தானே இரிக்கு, இதுக்கா இவ்வளவு தூரம் வந்த?” என்று அவள் சிரித்தாள். ஆனால் களுதாவளைக் கடல் ஆளை இழுத்து விழுத்துகிற கடல். கல்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கதைக்கலாம். அவன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள் மத்தியானம்வரை ஏறவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் நனைந்த சேலையோடு அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்த ஊரில் பட்டப்பகலில் அப்படிச் சாய்வது சின்ன விஷயம் இல்லை. ஆனி மாதம் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனபோது ஊர்ப் பெண்கள் கண்ணகையைப் பார்த்து, “நல்ல மருமகன் கிடைச்சிருக்கார் கா” என்றார்கள். கண்ணகை ஒன்றும் சொல்லவில்லை. அவள் நல்லது சொல்ல ஐந்து வருஷம் எடுப்பாள், கெட்டது சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

யூலையில் கதிர்காமத் திருவிழாவுக்கு விசேட பஸ்கள் ஓடின. மூன்று கிழமைக்கு நல்லரத்தினத்தை அங்கே போடச்சொல்லிக் கடதாசி வந்தது. போகிறதற்கு முதல் நாள் அவன் பிந்தி வந்ததைக் கண்டு கண்ணகை, “அந்த பஸ்ஸயே கட்டிப் புடிச்சிட்டுப் படுக்கலாமே” என்று முற்றத்தில் நின்று சொன்னாள். அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பதில் பேசாமல் சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்தான். “மூணு கிழமைக்குக் கதிர்காமம் போறன்” என்று சீதேவியிடம் சொன்னான். அவள் “ம்” என்றாள். அந்த “ம்” தூக்கத்தில் சொன்னது என்பதை அவன் கவனிக்கவில்லை. போன வருஷம் கதிர்காமத்தில் கூட்டத்தோடு கூட்டமாக வந்த கள்ளன் ஒருவன் கொண்டக்டர்மாரின் சட்டைகளை மூட்டையோடு தூக்கிக்கொண்டு போயிருந்தான். பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது, பைக்குப் பூட்டு இல்லை. இவ்வளவுதான் அவன் யோசித்தது.

விடியுமுன் வெற்றிலை கிள்ளப் போன கண்ணகை, தோளில் பெட்டியோடு வேலிப் படலையைத் தாண்டுகிற மருமகனைக் கண்டாள். கூப்பிடவில்லை. பெட்டி போகிறது, போகிறவனைக் கூப்பிட்டு என்ன செய்ய? மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. சீதேவி, “கதிர்காமம் எண்டு என்னமோ சொன்னாரும்மா” என்றாள். “கதிர்காமத்துக்குப் போறவன் காவடி கொண்டு போவான், பெட்டி கொண்டு போவானா?” என்று கண்ணகை கேட்டாள்.

மூன்று கிழமை முடிந்து அவன் வந்திருந்தால் கதை அத்தோடு தீர்ந்திருக்கும். அவன் வந்தது நடுங்கும் காய்ச்சலோடு. மட்டக்களப்புப் பட்டணத்து பஸ் நிலையத்தில் சுருண்டு கிடந்தவனை வவுணதீவு ஊர்க்காரர் ஒருவர் அடையாளம் கண்டு, வண்டியில் ஏற்றி, பெட்டியோடு சேர்த்து வவுணதீவுப் பக்கமிருந்த அவனுடைய அக்கா வீட்டில் இறக்கிவிட்டார். காய்ச்சல்காரனுக்கு எழுத முடியாது, அக்காவுக்கு எழுதத் தெரியாது. பெண்சாதி வீட்டைவிட்டுப் போன பெட்டி அக்கா வீட்டுக்குள் போய் ஐந்து நாள் ஆகிவிட்டது. அந்தச் செய்திக்கு மட்டும் கடிதம் தேவைப்படவில்லை. வெற்றிலைக் கூடைக்காரிகள் வழியாக அது தானாகவே களுதாவளைக்கு வந்து சேர்ந்தது.

ஓகஸ்ட் இரண்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. காய்ச்சல் விட்ட அலுப்போடு, பெட்டியைத் தூக்கத் தெம்பில்லாமல், வெறும் கையோடு நல்லரத்தினம் படலையைத் திறந்தான். கண்ணகை முற்றத்தில் நின்றாள்.

“பெட்டி எங்க தம்பி?”

“அக்கா வீட்ட இரிக்கு மாமி.”

“அப்ப நீங்களும் பெட்டி இரிக்கிற இடத்திலேயே இரிங்க. எங்கட புள்ளய எங்களுக்குப் பாக்கத் தெரியும்.”

காய்ச்சல் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கதிர்காமம் என்று சொல்லியிருக்கலாம். கன்னம் வற்றிப்போன மனிதனைப் பார்த்து “என்ன நடந்த?” என்று அவளும்தான் கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. கதவு பாதி சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே சீதேவியின் சேலைக் கரை தெரிந்தது. அவள் வெளியே வருவாள், “சும்மா இரிங்கம்மா” என்று ஒரு சத்தம் போடுவாள் என்று அவன் காத்து நின்றான். சேலைக் கரை அசையவே இல்லை. “சரி மாமி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அதற்குப் பிறகுதான் உண்மையான தண்டனை தொடங்கியது. அவனுடைய பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தரம் அந்த வீட்டைத் தாண்டிப் போகும். கோபித்துக்கொண்டு போன புருஷன் எவனுக்கும் இப்படி ஒரு விதி அமையாது. அடுத்தவன் என்றால் ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் ஒரு வருஷம் இருப்பான். இவன் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் அந்த வாசலைப் பார்க்க வேண்டியிருந்தது.

றைவர் ஆதம்பாவா காத்தான்குடிக்காரர், வயது ஐம்பதைத் தாண்டியவர், மூன்று மகள்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், எல்லாரும் அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடுகிற மனிதர். விஷயம் அவருக்கு முதல் வாரமே விளங்கிவிட்டது. “தம்பி, பெட்டி கிட்டி எல்லாம் சும்மா கத. நான் அந்த வாசல்ல பஸ்ஸ மெதுவாக்குறன். நீ ஒரு மணி அடி, நிப்பாட்டிர்றன். எறங்கிப் போய் ஒரு வார்த்த பேசு. மறுகா அல்லாஹ் பாத்துக்குவான்” என்றார்.

“அவங்க கூப்பிடட்டும் காக்கா.”

“கூப்பிட்டா ஒனக்குக் கேக்குமா? பஸ் போற சத்தத்தில?”

அன்றிலிருந்து அந்த வாசல் வரும்போதெல்லாம் ஆதம்பாவா வேகத்தைக் குறைத்தார். பஸ் முனகிக்கொண்டு மெதுவாகும். பயணிகள் என்ன பள்ளமா, மாடா என்று எட்டிப் பார்ப்பார்கள். நல்லரத்தினம் மணிக்கயிற்றுக்குக் கீழே நின்றுகொண்டு கடல் பக்கம் பார்ப்பான். பிறகு பஸ் வேகம் எடுத்துவிடும்.

கடல் பக்கம் பார்த்தான் என்றாலும் கடைக்கண் வீட்டுப் பக்கம்தான். புரட்டாதியில் சீதேவி வேலியடியில் நின்றாள். ஐப்பசியில் கூரை ஓடு மாற்றினார்கள். அது தன் கையால் செய்திருக்க வேண்டிய வேலை என்று அவனுக்குப் பட்டது. கார்த்திகையில் ஒரு நாள், மழை விட்டிருந்த நேரம், சீதேவி இடுப்பில் கையை ஊன்றி எழும்பி வந்தாள். அவள் வயிற்றைக் கண்டான். களுவாஞ்சிக்குடிக்கு டிக்கட் கேட்ட மனுஷிக்குக் கல்முனைக்கு எழுதிக் கொடுத்தான். அவள் சண்டை பிடித்தது அவனுடைய காதில் ஏறவே இல்லை. தகப்பனாகப் போகிற செய்தியை உலகத்தில் எவனாவது மிதிபலகையில் தொங்கிக்கொண்டு அறிந்திருப்பானா?

சந்தோஷம் வந்தது, அதை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. ஒரு சொல் சொல்லி அனுப்பவில்லையே! அக்காவிடம் போய்ச் சொன்னான். அக்கா அதற்கு எண்ணெய் ஊற்றினாள். “பெத்த தகப்பனுக்குச் சொல்லாதவங்கட வாசலுக்கு நீ பெட்டிய சுமந்திட்டுப் போகப்போறயா? அவங்க வெத்திலையோட வந்து கூப்பிடட்டும்.” அந்தப் பக்கம் கண்ணகை, “போனவர்தான் வரணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கரையிலும் வரட்டும், வரட்டும் என்று சொன்னார்கள். வந்தது மாரி மழை மட்டும்தான்.

தையில் தோடம்பழம் ஒரு பை வாங்கி ஆதம்பாவாவிடம் கொடுத்தான். அவர் பஸ்ஸை றோட்டுக் கரையில் விட்டுவிட்டு இறங்கிப் போய்க் கொடுத்தார். கண்ணகை, “பஸ்காரர்ட சாமான் பஸ்ஸிலேயே இரிக்கட்டும் காக்கா” என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினாள். அந்தப் பழங்களை ஆதம்பாவாவே தின்றார். “ஒன்ட மாமி மனிசி இல்ல, ஹேன்ட்பிறேக்” என்றார். நல்லரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டணத்தில் கொண்டக்டர்மார் தங்குகிற அறையில் அன்று அவன் சாப்பிடாமலே படுத்தான்.

மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம், கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸை அந்த வாசலில் நாலு பேர் கையைக் காட்டி மறித்தார்கள். ஆதம்பாவா மணிக்காகக் காத்திருக்கவில்லை. சீதேவியைத் தாங்கிக்கொண்டு கண்ணகை ஏறினாள். மருத்துவிச்சி பட்டணத்து ஆசுபத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டாளாம். சீதேவியின் முகம் வேர்த்துக் கறுத்திருந்தது. முன் ஆசனத்துப் பெண்கள் எழும்பி இடம் கொடுத்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நல்லரத்தினம் கிட்டப் போனான். கண்ணகை அவனுடைய முகத்தைப் பார்க்காமல் சில்லறையை நீட்டினாள்.

“ரெண்டு. ஆசுபத்திரிக்கு.”

அவன் டிக்கட் கிழித்தான். தன் பெண்சாதி தன் பிள்ளையைப் பெறப் போகிறதற்கு டிக்கட் கிழித்தான். முதல் டிக்கட் கோணலாகக் கிழிந்தது, இன்னொன்று கிழித்தான். ஆதம்பாவா எந்தத் தரிப்பிலும் நிறுத்தவில்லை, இறங்க வேண்டியவர்களும் வாய் திறக்கவில்லை. கல்லடிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது சீதேவி உதட்டைக் கடித்தாள். அவள் தன்னை ஒரு தரம் பார்த்தால் போதும், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காலில் விழுந்துவிடலாம் என்று அவன் நின்றான். அவள் பார்க்கவில்லை. ஆசுபத்திரி வாசலில் இறக்கியபோது கண்ணகை தன் தோளை இடையில் கொடுத்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். பஸ்ஸுக்குள் முப்பது பேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ‘போ’ என்று இரட்டை மணி அடித்தான். பஸ் கிளம்பியது. அந்த மணிக்காக அவன் சாகும்வரை வெட்கப்பட்டான்.

பெண் பிள்ளை. அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில் வாட்டு வாசல்வரை போனான். சீதேவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நித்திரையோ, நித்திரை மாதிரியோ, தெரியவில்லை. துணிக்குள்ளே கறுத்த முடி மட்டும் தெரிந்தது. உள்ளே போகாமலே திரும்பினான்.

ஏப்ரல் ஏழாம் திகதி, பட்டண பஸ் நிலையத்தில், ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகப் பிள்ளையோடு நின்ற மகளைக் கண்ணகை முதல் பஸ்ஸில் ஏறச் சொன்னாள். சீதேவி அசையவில்லை. “அடுத்ததில போவம்” என்றாள். அடுத்தது நல்லரத்தினத்தின் பஸ். படியில் கால் வைக்கும்போது பிள்ளையை அவனிடம் நீட்டினாள்.

“புடிங்க.”

எட்டு மாதத்தில் அவள் அவனுக்குச் சொன்ன முதல் சொல். அவன் பிள்ளையை வாங்கினான். பாலம் கடந்து, ஆரையம்பதி கடந்து, எத்தனையோ பேர் டிக்கட் இல்லாமல் ஏறி இறங்கினார்கள். அவன் பிள்ளையை வைத்துக்கொண்டு நடுவில் நின்றான், அது கொட்டாவி விட்டதைப் பார்த்தான், கண்ணீர் சட்டைக் கொலரில் வடிந்தது. ஆதம்பாவா கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

களுதாவளை வந்தது. வழக்கம்போல பஸ் மெதுவானது. சீதேவி எழும்பிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவனுக்கு நேரே நின்றாள். குரல் உயரவில்லை.

“பெட்டி போனத நான் பெரிசா எடுக்கல்ல. அண்டைக்குக் கதவுக்குப் பின்னால நிண்டன். புள்ள உண்டாயிருக்கு எண்டு சொல்ல நிண்டன். நீங்க ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா வந்திருப்பன். கூப்பிடல்ல. மறுகா ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில பஸ் மெதுவாகும். நான் எழும்பி வேலியடிக்கு வருவன். பஸ் போயிரும். மணி ஆர்ர கைல இருந்த?”

அவன் கயிற்றை இழுத்தான். பஸ் நின்றது.

அவர்கள் இறங்கினார்கள். அவனும் பின்னால் இறங்கினான். கண்ணகை முந்திப் போய்ப் படலையில் நின்றுகொண்டு, “பெட்டி இல்லாம—” என்று தொடங்கினாள்.

“வழிய விடுங்கம்மா” என்றாள் சீதேவி. “உறுதி என்ட பேர்ல.”

கண்ணகை படலையைவிட்டு விலகினாள். வீட்டைக் கொடுத்துப் பதினைந்து மாதம் ஆகியும், கொடுத்துவிட்டோம் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. சீதேவி அவன் பக்கம் திரும்பினாள்.

“வேல முடிஞ்சு வாங்க. பெட்டி வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். புள்ளயப் பாருங்க, சாப்பிடுங்க, படுங்க. என்னோட மட்டும் பேசாதீங்க. நானும் பேச மாட்டன். எப்ப பேசணும் எண்டு நான் சொல்லுவன்.”

அன்று மாலை அவன் வந்தான். சோறு இருந்தது, பாய் இருந்தது, பேச்சு இல்லை. நாலு நாளில் தீரும் என்று நினைத்தான். சித்திரை வருஷப் பிறப்புக்குத் தீரும் என்று நினைத்தான். முப்பத்தோராம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள், தங்கேஸ்வரி என்று. அப்போதும் தீரவில்லை. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மடியில் கிடக்கிற பிள்ளையிடம் சொல்வாள். “அப்பாட சோறு ஆறுது எண்டு சொல்லு மகள்.” ஒரு மாதக் குழந்தை என்னத்தைச் சொல்லும்? அவன் எழும்பி வந்து சாப்பிடுவான். “நாளைக்கு அப்பாவுக்குப் பிந்தும் எண்டு அம்மாக்கிட்டச் சொல்லு” என்று அவனும் பிள்ளையிடமே சொல்லப் பழகினான். அக்கா ஒரு நாள் பெட்டியை மாட்டுவண்டியில் அனுப்பிவிட்டாள். அது முற்றத்தில் இறங்கியபோது ஒருவரும் எழும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆனித் திருவிழாவுக்கு மூவரும் கோயிலுக்குப் போனார்கள். அவள் பிள்ளையோடு முன்னால், அவன் பத்தடி பின்னால். பிள்ளை புரண்டது, குப்புறப் படுத்தது, தவழ்ந்தது, கீழ்வாயில் ஒரு பல் வந்தது. பல்லை முதலில் கண்டவன் அவன்தான். ஓடிப்போய்ச் சொல்ல வாயைத் திறந்து, திறந்த வாயை மூடிக்கொண்டான். சில இரவுகளில் அவள் நித்திரையா முழிப்பா என்று தெரியாமல் பக்கத்தில் கிடந்து, பஸ் போன பிறகு வேலியடியில் நின்ற ஒரு பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தான். ஒரு கட்டத்தில் கண்ணகைக்கே மனம் பொறுக்கவில்லை. “போதுங் கா மகள், அந்த மனிசன் உருகிப் போகுது” என்று மகளிடம் மன்றாடினாள். “இன்னும் இரிக்கம்மா” என்றாள் சீதேவி. எது இன்னும் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை.

டிசம்பர் பதினோராம் திகதி சனிக்கிழமை, அடைமழை. அவன் பின்னேரம் தெப்பமாக நனைந்து வந்து விறாந்தையில் ஏறினான். சீதேவி துவாயோடு நின்றாள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது. அவள் பிள்ளையைப் பார்க்காமல் அவனைப் பார்த்துக் கதைத்தாள்.

“அண்டைக்கு வெறும் கையோட வந்து, என்னக் கூப்பிடாம நீங்க இந்தப் படலையால திரும்பிப் போய், பிறகு பஸ்ஸ நிப்பாட்டி எறங்கினது வரைக்கும் இருநூத்தி நாப்பத்தெட்டு நாள். நான் எண்ணினன். எறங்கின நாள்ள இருந்து இண்டைக்கு இருநூத்தி நாப்பத்தெட்டு. இனி என்ட மனசில ஒண்டும் இல்ல. என்ன கேக்கணுமோ கேளுங்க.”

எட்டு மாதமாக அவன் மனதுக்குள் எழுதி வைத்திருந்த கேள்விகள் ஒரு பஸ் கொள்ளும்.

“சீதேவி!” என்று கூப்பிட்டான். மூன்றடி தூரத்தில் நிற்பவளைப் படலையில் நின்று கூப்பிடுகிற சத்தத்தில் கூப்பிட்டுவிட்டான். பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டு அழுதது, பின்வளவிலிருந்து கண்ணகை என்னமோ ஏதோ என்று மழைக்குள் ஓடி வந்தாள்.

“ஓம்” என்றாள் சீதேவி.